மஞ்சள் நூல் கட்டிய ஜாடி

எலுமிச்சம்பழத்தை வெட்டுவதற்கு முன்னால் கௌரியம்மாள் அதன் தோலைச் சீவி எடுத்துவிடுவார். ரசத்துக்குப் பிழிவதாக இருந்தாலும் சரி, மோருக்குப் பிழிவதாக இருந்தாலும் சரி. அதற்கென்றே பிடி தேய்ந்த சின்னக் கத்தி ஒன்று வைத்திருந்தார். கத்தியை அசைக்காமல் பழத்தைத் திருப்பிக்கொண்டே வருவார். மேல்தோல் மட்டும், அடியில் உள்ள வெள்ளை ஒட்டாமல், நீளமாகச் சுருண்டு தட்டில் விழும். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பழத்தை வெட்டுவார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாலு வருஷம் இதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டதில்லை. எனக்குக் கேட்கிற பழக்கம் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் என்றைக்காவது தெரியவரும் என்று இருந்துவிடுவேன்.

என் பெயர் காஞ்சனா. பள்ளிப்பட்டில் பிறந்தவள். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எழுபத்து மூன்றில் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ராஜவேலுவுக்கு இரண்டு தறி. மலைப்படிக்குப் போகிற வழியில் உள்ள நெசவுத் தெருவில் எங்கள் வீடு. வீட்டின் பின்பகுதியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் தனியாக இருந்தன. அதில்தான் கௌரியம்மாள் குடியிருந்தார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். உறவு கிடையாது. ஆனாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அவரும் அதே தெருவில் பிறந்தவர்தான். கட்டிக்கொடுத்தது அரக்கோணத்தில். புருஷன் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். கல்யாணமான ஆறாம் வருஷம் இறந்துபோனார். பிள்ளை இல்லை. ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டில் கௌரியம்மாள் பாத்திரம் தேய்க்கப் போனார். பிறகு காய் நறுக்கி, பிறகு சமைத்து, இருபது வருஷம் அந்த வீட்டில் இருந்தார். அறுபத்தேழில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. இவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு திருத்தணிக்குத் திரும்பினார்.

வந்த புதிதில் தெருவில் யாரும் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். வெள்ளைக்காரன் வீட்டில் என்னென்ன சமைத்த கையோ என்பார்களாம். கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அரிவாள்மணையை நகர்த்திப் போட்டுக்கொள்வார்களாம். இதையெல்லாம் என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கௌரியம்மாள் சொன்னதே இல்லை.

அதை மாற்றியது பானகம். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் ஊரில் படித் திருவிழா. மலைக்குப் போகிற முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் பூஜை செய்து, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் ஏறும். சென்னையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு எங்கள் தெருக்காரர்கள் அடிவாரத்தில் பந்தல் போட்டு, ஏறுகிறவர்களுக்குப் பானகம் கொடுப்பது வழக்கம். எழுபதாம் வருஷம், பானகம் கரைக்கிற அம்மாளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கௌரியம்மாளிடம் வந்தார்கள். அவர் கரைத்த பானகத்தைக் குடித்தவர்கள் இரண்டாம் டம்ளர் கேட்டார்கள். மறுவருஷமும் அவரையே கூப்பிட்டார்கள். பிறகு அது அவருடைய வேலை ஆகிவிட்டது. அதன்பிறகு கல்யாண வீட்டில் அவரை அடுப்படிக்கே அழைத்தார்கள். தெருவில் அவருக்கு இருந்த இடம் அந்தப் பானகத்தால் வந்ததுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பின்னால் நான் செய்ததைச் செய்தேன்.

எலுமிச்சைத் தோலின் காரணம் எழுபத்தேழாம் வருஷம் டிசம்பரில் தெரியவந்தது. வருஷா வருஷம் அந்த மாதக் கடைசியில் அரக்கோணத்திலிருந்து ஒருவர் வருவார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய டிரைவர் வீட்டுக்கு சிநேகிதர். கார்டு துரை என்று கௌரியம்மாள் சொல்வார். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை; துரை என்றால் ஏதோ சிவப்பாக, உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். எங்களைப் போலவே கறுப்பாக, குள்ளமாக, வெயிலில் வெளுத்த தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். காய்கறிப் பையில் முட்டைக்கோசுக்கு அடியில் பேப்பர் சுற்றிய ரம் பாட்டில் ஒன்று இருந்தது. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. ஆந்திராப் பக்கம் நகரி தாண்டிவிட்டால் கிடைக்கும். அங்கே போய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

"முப்பத்தொண்ணு நாலு மணி வண்டிக்கு வர்றேன் கௌரி. ரெடி பண்ணி வெச்சிரு" என்றார்.

"போன வருஷம் ஜாதிக்கா கம்மின்னு சொன்னீங்க துரை. இந்த வாட்டி தூக்கலா போடறேன்" என்றார் கௌரியம்மாள்.

துரை போனதும், நான் வாசற்படியில் நின்றுகொண்டிருப்பதைக் கௌரியம்மாள் பார்த்துவிட்டார்.

"இன்னாடி அப்டி பாக்கற? உள்ள வா. யார்கிட்டயும் சொல்லாத. அவருக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. வருஷத்துக்கு ஒரு நாள் பழைய வூட்டு ருசி வேணுங்கறாரு. தொரசாணி கத்துக் குடுத்த பஞ்சு இது. செய்ய நான் ஒருத்திதான் இருக்கறேன்."

"பஞ்சுன்னா?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இந்தில பஞ்சுன்னா அஞ்சாம். அஞ்சு சாமான் சேர்ற குடி இது. நம்ம ஊர்லேர்ந்துதான் அவங்க கத்துகினு போனாங்கன்னு தொரசாணி சொல்லும். நமக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். எப்டி இருக்குது பாரு."

அன்றைக்கும் மறுநாளும் அவர் செய்ததை முழுக்கப் பார்த்தேன். இருபது எலுமிச்சம்பழத்தின் தோலைச் சீவினார். சீவிய தோலைச் சர்க்கரையோடு சேர்த்துக் கல்லுரலில் போட்டு, இடிக்காமல், குழவியால் மெதுவாகத் தேய்த்தார். தோலில் இருக்கிற எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும் என்றார். மூடி வைத்து மறுநாள் காலையில் திறந்தால் சர்க்கரை ஈரமாகி, பாகு மாதிரி இளகியிருந்தது. சமையலறை முழுக்க வாசனை. அதில் சூடான தேயிலைத் தண்ணீரை ஊற்றிக் கரைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர்தான் அளவு. எலுமிச்சைச் சாறு ஒன்று என்றால் சர்க்கரை இரண்டு, ரம் மூன்று, தேயிலைத் தண்ணீர் நான்கு. ரம்மை ஊற்றும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். கடைசியில் ஜாதிக்காயை உரசிப் போட்டார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கு நுனியால் தொட்டுவிட்டு, வெளியே போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"நீங்க குடிச்சதே இல்லையா அத்தை?"

"இருவது வருசம் செஞ்சேன். ஒரு வாய் முழுங்கினது இல்ல. சாமி மேல சத்தியம்" என்றார்.

அதே உரலைக் கழுவி, அதே முறையில், வெல்லத்தோடு எலுமிச்சைத் தோலைத் தேய்த்துத்தான் பந்தலுக்குப் பானகமும் செய்தார். அவருடைய பானகத்துக்கு அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதும், அந்தப் பழக்கத்தில்தான் எந்தப் பழத்தையும் சீவாமல் வெட்டமாட்டார் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெல்லம், எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து ஜாடியில் வைத்துக்கொள்வார். பந்தலில் அண்டாத் தண்ணீரில் ஒரு ஜாடியைக் கவிழ்த்துக் கலக்கினால் ஓர் அண்டா பானகம் தயார்.

ஒரே அளவில் நாலு ஊறுகாய் ஜாடி அவரிடம் இருந்தன. மூன்றில் பானகக் கரைசல். ஒன்றில் பஞ்சு. வாயை வெள்ளைத் துணியால் மூடி, எங்கள் தறியில் மிஞ்சிய கழிவு நூலை வாங்கிக் கட்டினார். பானக ஜாடிகளுக்கு மஞ்சள் நூல். பஞ்சு ஜாடிக்கு நீல நூல்.

"மஞ்ச சாமிக்கு. நீலம் தொரைக்கு. கண்ண மூடிகினு எடுத்தாலும் தப்பாது" என்று சிரித்தார்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. விரதம் என்பதால் நான் எதுவும் சாப்பிடவில்லை. முதலில் இரண்டு மஞ்சள் நூல் ஜாடிகள் பந்தலுக்குப் போயின. நானும் கூடப் போனேன். அண்டாவில் கலக்கி, செம்பில் மொண்டு, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பத்து மணி இருக்கும். இன்னொரு செம்பு வேண்டும், வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வா என்று கௌரியம்மாள் அனுப்பினார்.

சமையலறையில் செம்பை எடுத்தேன். மூலையில் ஈரச் சாக்கின் மேல் இரண்டு ஜாடிகள் இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். இரண்டு நாளாக அந்த வாசனை என் மனசை விட்டுப் போகவில்லை. கப்பல் ஏறிப் போனவர்கள் குடித்தது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. நீல நூலை அவிழ்த்தேன். விரலை விட்டு நாக்கில் வைத்தேன். முதலில் புளிப்பும் இனிப்பும். பிறகு தொண்டையில் சூடாக இறங்கியது. கெட்டதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நன்றாக இருந்தது. ஒரே தோலில் செய்த இரண்டும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க மஞ்சள் நூலையும் அவிழ்த்துப் பானகத்தைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். பிறகு திரும்பவும் பஞ்சு. இந்த முறை விரலால் அல்ல, கரண்டியால். இரண்டு கரண்டி.

பின்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மாமியார் கிணற்றடிக்குப் போகிறார். அவசரமாகத் துணிகளைப் போட்டு மூடி, தரையில் கிடந்த நூல்களை எடுத்துக் கட்டினேன். ஏலக்காய் இரண்டை வாயில் போட்டு மென்றுகொண்டு செம்போடு வெளியே வந்துவிட்டேன். கட்டும்போது எந்த ஜாடிக்கு எந்த நூல் என்று நான் பார்க்கவே இல்லை. என் கண் கதவில் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் அதிகமானது. அண்டா காலியானது. பந்தலுக்குப் பொறுப்பு சிங்காரம் மாமா. தெருவில் எல்லோருக்கும் பெரியவர். வெற்றிலை மென்றுகொண்டே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

"கௌரி, இன்னும் ஜாடி கீதா? ஜனம் நெருக்கிகினு வருது பாரு."

"ஒண்ணு இருக்குதுண்ணா" என்ற கௌரியம்மாள், எங்கள் தறியில் வேலை பார்த்த முனியனைக் கூப்பிட்டார். "முனியா, அடுப்பங்கரையில ரெண்டு ஜாடி இருக்கும். மஞ்ச நூல் கட்னத எடுத்துகினு வா. நீலத்தத் தொடாத."

"நீலத்துல இன்னாக்கா, ஒளிச்சி வெச்சிருக்கற? எங்களுக்கு இல்லியா?" என்றான் முனியன்.

"ஊறுகா. போடா, வேலயப் பாரு."

அவன் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். மஞ்சள் நூல்தான் கட்டியிருந்தது. கௌரியம்மாள் அப்போது படிக்குப் படைக்க வாழைப்பழச் சீப்புகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நூலை அவிழ்த்துத் துணியை எடுத்தேன்.

எடுத்த உடனே தெரிந்துவிட்டது. காலையில் என் தொண்டையில் இறங்கிய அதே மணம். நிறமும் வேறு. பானகக் கரைசல் கலங்கலாக இருக்கும். இது தெளிந்த தேயிலை நிறத்தில் இருந்தது. ஜாடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கற? ஊத்து. பஜனைக்காரங்க வெயில்ல நிக்கறாங்க" என்றார் சிங்காரம் மாமா.

இது பானகம் இல்லை மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். விரத நாளில், சாமி காரியம் நடக்கிற வீட்டில், ஒரு மருமகள் சாராய ஜாடியைத் திறந்து குடித்தாள் என்று தெரிந்துவிடும். ஜாடி கை தவறி விழுந்ததுபோல் கீழே போட்டிருக்கலாம். அதுவும் அப்போது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் ஒன்றுதான். அண்டா நிறையத் தண்ணீர் இருக்கிறது, கலந்துவிட்டால் தெரியாது.

ஊற்றினேன். கலக்கினேன். மொண்டு கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து பேர் குடித்துவிட்டுப் படி ஏறினார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஓர் அம்மாள் தன் இடுப்பில் இருந்த குழந்தைக்கு ஒரு மடக்குப் புகட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சென்னைக் கோஷ்டியின் பெரியவர் வந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, கையில் தாளம். தூக்கிக் குடித்தார். இரண்டாம் மடக்கில் நிறுத்தினார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"இதுல என்னம்மா கலந்திருக்கீங்க?"

நான் குனிந்து அண்டாவைக் கலக்கினேன். அவர் சிங்காரம் மாமாவிடம் டம்ளரை நீட்டினார். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு முகர்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"கௌரி, இங்க வா."

கௌரியம்மாள் வந்து ஜாடியைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பக்கத்தில் கிடந்த மஞ்சள் நூலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"மஞ்சதான் கட்டியிருக்குது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல்.

"இன்னா இது? சொல்லு."

"தொரைக்குச் செஞ்சது. கட்டு மாறிப் போச்சி."

"யாரு கட்னது?"

"நான்தான் கட்னேன். என் கையாலதான் கட்னேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சொன்னாள்: "வெள்ளக்காரன் வூட்ல கழுவின கையி. வேற எப்டி இருக்கும்?" இன்னொருத்தி, "சாமி ஜாடிக்குப் பக்கத்துலயே சாராயத்த வெச்சிருக்குது பாரு" என்றாள். ஏழு வருஷம் அவர் பானகத்தை வாங்கிக் குடித்தவர்கள்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போகாமல் சிங்காரம் மாமா பார்த்துக்கொண்டார். அண்டாவை அங்கேயே கவிழ்க்கச் சொன்னார். சென்னைப் பெரியவர் முன்னால் கைகூப்பி நின்றார். அந்தப் பெரியவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏறாமல், சரவணப் பொய்கையில் மறுபடி குளித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"தெரியாம நடந்திச்சின்னே வெச்சிக்கறேன்" என்றார் சிங்காரம் மாமா கௌரியம்மாளிடம். "ஆனா சாமி காரியம். இனிமே நீ பந்தல் பக்கம் வர வேணாம்."

"ஆங்" என்றார் கௌரியம்மாள். நான் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் போகும்போது என் தோளைத் தொட்டு, "நீ இன்னா பண்ணுவ, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணி வண்டிக்குக் கார்டு துரை வந்தார். கௌரியம்மாள் நடந்ததைச் சொன்னார். நான் என் வீட்டுப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீல நூல் கட்டிய ஜாடியில் பானகம் இருந்ததல்லவா, அதில் ஒரு டம்ளர் கரைத்துக் கௌரியம்மாள் துரைக்குக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு கௌரி" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த வருஷம் பாட்டிலோடு வந்தபோது கௌரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "எனக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல துரை" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

பந்தல் வேலை போனது மட்டும் என்றால் கௌரியம்மாள் தாங்கியிருப்பார். அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று என்னைக் கூப்பிட்டுச் சுவைக்கச் சொல்வார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு லாட்ஜுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். யாருக்காவது ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று அதையும் நிறுத்தினார். உப்பு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. பூட்டும் சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுவருஷம் மார்கழி பிறந்ததும் சிங்காரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ராஜவேலு, இந்த வாட்டி பானகம் உன் சம்சாரம் கரைக்கட்டும். கூடவே நின்னு பாத்துகினு இருந்திச்சி. அளவெல்லாம் தெரியும்."

"எனக்கு வேணாம் மாமா" என்றேன்.

"எப்டி கூச்சப்படுது பாரு. இந்த மாதிரி அடக்கமான கைதான் சாமி காரியத்துக்கு வேணும்" என்று என் மாமியாரிடம் சொன்னார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

கௌரியம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் தானாகவே என் சமையலறைக்கு வந்தார். வெல்லத்தை உடைத்துக் காட்டினார். பழத்தைத் திருப்பித் தோல் சீவக் கற்றுக்கொடுத்தார். "வெள்ள ஒட்டினா கசக்கும், பாத்துக்க" என்றார். தன்னுடைய கத்தியையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

எண்பதில் ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். மிதியை நிறுத்தி முழுவதும் கேட்டார்.

"குடிச்சியா?"

"ஆங். ரெண்டு கரண்டி."

பாவு நூலில் அறுந்திருந்த ஒரு இழையை முடிந்தார். "இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது? அவங்களுக்குப் போன பேர் திரும்பி வராது. நமக்கு இருக்கறதும் போவும். பொண்ணு வளந்துகினு வருது. வுடு" என்றார். மறுபடி தறியை மிதித்தார். அன்றைக்கு அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை போய்ச் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

எண்பத்தொன்றில் கௌரியம்மாள் அறையைக் காலி செய்தார். கே.ஜி.கண்டிகையில் அவருடைய தங்கை மகன் பரசுராமன் டீக்கடை வைத்திருந்தான். அவனோடு போய் இருந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, சொல்லியே விடுவது என்று முடிவு செய்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடி, பானகக்காரி. இந்த வருசம் ஜனம் எப்டி? ரெண்டாம் டம்ளர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க அத்தை."

"கேப்பாங்க. உன் கை அப்டி." உள்ளே திரும்பி, "பரசு, காஞ்சனாவுக்கு ஒரு டீ போடு" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "நான் அடுப்புக்கிட்ட போறதில்ல. காய் உரிச்சிக் குடுக்கறதோட சரி. அவன் போக வேணாம்னு சொல்லல. நானேதான்" என்றார்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி அந்த நூல எப்டிடி மாத்திக் கட்னேன்? இன்னும் யோசிச்சிகினே இருக்கறேன். மஞ்ச நூல மூணு ஜாடிக்கும் கட்டி வரிசையா வெச்சேன். நீலத்தத் தனியா கட்னேன். கண்ணுக்குள்ள அப்டியே நிக்குது. அப்றம் எப்டி மாறும்?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் ஏதாவது பார்த்திருப்பேன், எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறவளாயிற்றே என்ற நம்பிக்கையில் கேட்டார். பரசுராமன் டீயைக் கொண்டுவந்து வைத்தான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

"வயசானா அப்டித்தான் அத்தை" என்றேன். "எல்லார்க்கும் வர்றதுதான்."

"ஆங், அப்டித்தான் இருக்கும்" என்று வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். கௌரியம்மாள் கே.ஜி.கண்டிகையில்தான் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கியிருக்கிறதாம், மற்றபடி நடமாட்டம் நன்றாக இருக்கிறதாம். என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெருப் பந்தலுக்குப் பதினைந்து வருஷமாக நான்தான் பானகம் கரைக்கிறேன். அந்தச் சீப்பு வாழைப்பழத்தோடு போய் வந்த பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை.